இருபது நாள் ஆயுள்

“இதுவும் செத்துப்போச்சா? அதே வீட்லதானே? இதோட அஞ்சு!”

மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

செத்தது மாஸ்க். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்பவர்கள், காற்று ஊதும் மெஷினோடு இணைத்து இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் மாஸ்க். மூன்று மாதம் போட்டுவிட்டுத் தூக்கி எறிய வேண்டியது.

அதன் குழாயில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. எத்தனை மணி நேரம் மாட்டினார்கள், எத்தனை தடவை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது என்று இரவெல்லாம் குறித்து அனுப்பும். அதை வைத்து, அந்த மாஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அலுவலகக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நாள் முடிந்தவர்களுக்கு ஃபோன் செய்து, புதியதை அனுப்பி வைப்பது அவள் வேலை.

எல்லோருக்கும் சரியாக வந்த கணக்கு, அவள் பட்டியலில் இருந்த ஒருவரிடம் மட்டும் தோற்றது. அறுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். முதல் மாஸ்க் தொண்ணூறு நாள் ஒழுங்காக உழைத்தது. அவள் ஃபோன் செய்து புதியதை அனுப்பினாள். அதன் பிறகு போன ஐந்தும் இருபதாவது நாளே காலி. அலுவலகத்தில் அவருக்கு ‘இருபது நாள்காரர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

“கணக்கு தப்பா, ஆள் தப்பா? எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாகணும்” என்றார் மேற்பார்வையாளர். “ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஃபோனெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணப்போகுது. உன்னைக் கிடங்குக்கு மாத்தியாச்சு. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவள் கசிவுக் கோட்டைப் பெரிதாக்கினாள். மற்ற மாஸ்க்குகளில் கசிவு எறும்பு ஊர்வதுபோல் மெல்ல ஏறும். இதில் பத்தொன்பது இரவு அசையாமல் கிடந்துவிட்டு, இருபதாம் இரவு சுவர்போல் எழுந்து நின்றது.

அந்த இரவு அவருக்கு மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்றிருந்தது. புதிய மாஸ்க் போய்ச் சேர மூன்று நாளாகும். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று இரவும் இதே கதைதான்.

“இது தேய்மானம் இல்ல சார். பகல்ல கிழிஞ்சிருக்கு. யாரோ கிழிக்கிறாங்க.”

“அப்போ கேட்டுடு. நானும் கேக்கறேன்.”

மேற்பார்வையாளர் இன்னொரு ஹெட்ஃபோனை எடுத்து, அதன் வயர் சிக்கலைப் பிரிக்கத் தொடங்கினார். அதற்குள் அவள் எண்ணை அழுத்திவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

பிறந்த தேதியைக் கேட்டு ஆள் அவர்தான் என்று உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும் என்பது விதி. அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் டிக் மட்டும் அடித்தாள்.

“வணக்கம் ஐயா. மூச்சு மெஷின் கம்பெனியிலிருந்து பேசறேன்.”

“சொல்லுங்க மேடம். தொண்டை கட்டியிருக்கு போல?”

“ஏசி ஒத்துக்கலை, ஐயா. உங்க மாஸ்க் மறுபடியும் கிழிஞ்சிருக்கு.”

“ஆமாம் மேடம். மட்டமான ரப்பர்.”

“அஞ்சும் சொல்லிவெச்ச மாதிரி இருபதாவது நாளா கிழியும்?”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“கத்தரிக்கோலால நான்தான் வெட்டறேன்” என்றார், நேரம் கேட்டவருக்கு மணி சொல்வதுபோல.

“ஏங்க ஐயா?”

“வெட்டலைன்னா மூணு மாசத்துக்கு நீங்க கூப்பிட மாட்டீங்களே, மேடம்.”

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத கேஸ். பாவம். நம்ம கணக்கு சரிதான். ‘உபயோகிப்பவர் தவறு’ன்னு போட்டு மூடிடு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் அப்படியே எழுதினாள். விரல்கள் தம்பாட்டுக்கு நடந்தன. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் உள்ளே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை.

“புதுசு மூணு நாள்ல வந்துடும் ஐயா. அதை வெட்டாதீங்க. ராத்திரி இத்தனை தடவை மூச்சு நின்னா உயிருக்கு ஆபத்து.”

“சரிங்க மேடம்.”

“வெட்டினாலும் நான் கூப்பிட மாட்டேன். அடுத்த மாசத்திலேர்ந்து கம்ப்யூட்டர்தான் பேசும். இதுதான் கடைசி ஃபோன்.”

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்தது. அவள் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அழைப்பை முடிக்குமுன் எல்லோரிடமும் கேட்க வேண்டிய வரி திரையின் அடியில் வந்து நின்றது. அதை அவள் எழுத்து மாறாமல் படித்தாள்.

“வேறு ஏதாவது உதவி வேண்டுமா, ஐயா?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றார். இந்த முறை ‘மேடம்’ வரவில்லை.

“உங்கம்மாவுக்கு எம்மேல இன்னும் கோபம் தீரலையா, பாப்பா?”