கேட்க ஒரு ஆள்

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல பூலோகம். எனக்கு ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும். சோலி முடிஞ்சுது. நேரா வீட்டுக்குப் போயிரலாம்."

கம்பவுண்டர் ஆறுமுகநயினார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியின் மாடி வராந்தா. விசாரணை அறைக்கு வெளியே கிடந்த நீள பெஞ்சில் பூலோகம் மட்டும் உட்கார்ந்திருந்தார். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் அவருக்கு வேலை. தேய்த்துக் குளித்துவிட்டு வந்தும் அந்த வாடை போகவில்லை.

"ஞாபகம் இருக்கே அண்ணாச்சி" என்றார் பூலோகம்.

"இருந்து என்ன செய்ய? போன உசிரு திரும்பி வருமா? டாக்டர் பெரிய இடம்வே. நீரு ஒத்தை ஆளு. உமக்கே நெஞ்சுல கோளாறு. மருந்துக்கு இந்த வாசலுக்குத்தான வாறீரு? நாளைக்கு நீரு மூச்சு முட்டிக் கெடந்தா இங்க யாரு பாப்பா?"

"அதை யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

கம்பவுண்டர் முகம் மலர்ந்தது. அதற்குள் பியூன் பூலோகத்தின் பெயரைக் கூப்பிட்டான்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சுகாதார இலாகா அனுப்பிய விசாரணை அதிகாரி மகாதேவன். செம்பூரில் குடியிருக்கும் தமிழர் என்பதால் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் டாக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் நர்ஸ் ருக்கு, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"செத்துப்போன கணேசபாண்டியன் உனக்கு என்ன வேணும்?"

"ஆஸ்பத்திரியில சேக்கும்போதே சொன்னேனேய்யா. தம்பி."

"உங்காத்து மனுஷா வேற யாரும் வரலையா?"

"நான் ஒருத்தன்தான்யா."

"சரி, அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்லு."

பூலோகம் ஒரு தரம் இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஞாயித்துக்கிழமைய்யா. காலைல சேத்ததும் டாக்டர் பாத்தாரு. நெஞ்சுல நீர் கோத்திருக்கு, மத்தியானம் ஊசி போட்டு எடுத்துருதேன்னாரு. மத்தியானம் ஆளையே காணல. படுக்கையில அவரு மூச்சுக்குத் தவிக்காரு. இந்த நர்ஸம்மா எங்கெங்கயோ டெலிபோன் போட்டுப் பாத்தாக. மாதுங்காவுல டாக்டருக்குச் சொந்தமா தவாகானா, தனி கிளினிக்கு இருக்கு, அங்க போய்ப் பாருன்னு வார்டுல ஒருத்தர் சொன்னாரு. எந்திரிச்சேன். 'போயிராதீய அண்ணாச்சி'ன்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. இந்தா வந்துருதேன்னு கையை எடுத்துவிட்டுட்டு ஓடினேன்."

"டாக்டர் அங்க இருந்தாரா?"

"இருந்தாருய்யா. வாசல்ல கார் நிக்கி. உள்ள பணக்கார நோயாளிங்க. காலப் பிடிச்சுக் கெஞ்சினேன். 'நீ போ, வாறேன்'னாரு. பொழுது அடையுத வரைக்கும் வரல. நான் திரும்பி வந்து பக்கத்துல உக்காந்தப்ப அவருக்குப் பேச்சு இல்ல. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்படியே போயிட்டாரு."

அரைகுறைத் தமிழிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட டாக்டர், பொய் என்று மேஜையைத் தட்டினார். தான் அன்று முழுக்க ஆஸ்பத்திரியில்தான் இருந்ததாகவும், தம்பி செத்த துக்கத்தில் இந்த மதராஸி உளறுவதாகவும் இந்தியில் சீறினார்.

மகாதேவன் நர்ஸ் பக்கம் திரும்பினார். "நீ எதையும் பார்க்கலைன்னு முன்னாடி சொல்லியிருக்கே. இப்பவும் அதேதானா?"

ருக்கு தலையை நிமிர்த்திப் பூலோகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது.

"இல்லை சார். அவர் சொல்றதுதான் நிஜம். டாக்டர் அன்னிக்கு இல்லை. அவர் இப்படிப் போறது அதுதான் முதல் தடவைன்னும் இல்லை. வேலை போயிடும்னு பயந்துண்டு வாயை மூடிண்டிருந்தேன்."

டாக்டரின் கால் தானாகக் கீழே இறங்கியது.

எல்லோரும் போனபிறகும் மகாதேவன் பூலோகத்தை மட்டும் இருக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த மனுஷனை இன்னிக்கே வேலையிலேர்ந்து நிறுத்தி வைக்கச் சொல்லப்போறேன். மேல கேஸும் நடக்கும். இத்தனை நாளா எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னேளே, அது வீண்போகலை. உட்காருங்கோ."

பூலோகம் உட்காரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்களுக்கும் உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். இங்க மருந்துக்கு எப்ப வந்தாலும் உங்களை யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பார்த்துக்கறேன்."

"சரிய்யா."

"ஊர்ல அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் இருப்பாளே. விஷயத்தை நானே எழுதித் தெரிவிக்கறேன். அதுதான் மரியாதை. எந்த ஊர்னு சொல்லுங்கோ."

பூலோகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"என்ன பூலோகம்? கூடப்பிறந்தவர் வீடு எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மாஹிம் ஸ்டேஷன் படிக்கட்டுல கெடந்தவர, அன்னைக்குக் காலைலதான்யா நான் மொதமொதல்ல பாத்தேன், சொந்தக்காரங்க இருந்தாத்தான் சேப்போம்னு இங்க சொன்னாக, தம்பின்னுட்டேன். அவருக்குப் பேரைச் சொல்லத்தான் மூச்சு இருந்துது, ஊரைச் சொல்ல இல்ல."