ஸ்வாதிக்குப் புத்தி சொல்ல வந்தவர்

"இவ மனசை மாத்தாம நீங்க இந்தச் சோபாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது சார்," என்று சொல்லிக் காபி டம்ளரை ஸ்ரீகாந்தின் முன்னால் வைத்தாள் சுலோசனா.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் மகள் ஸ்வாதிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. முகப்பேரில் அவர்கள் இருக்கும் பிளாக்கில் எந்தப் பிள்ளை என்ன படிப்பது என்று முடிவு செய்வது பெற்றவர்கள் இல்லை, மூன்றாவது மாடி ஸ்ரீகாந்த்தான். பெரிய ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். ஸ்வாதி கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்ததுகூட அவர் வாக்குப்படிதான்.

அந்த ஸ்வாதி இப்போது ஐ.டி. வேலையை விட்டுவிட்டு எம்.ஏ. வரலாறு சேரப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். சீட்டும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். "ஸ்ரீகாந்த் சரின்னா சேரு. வேணாம்னா வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போ," என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஆவடி ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போய்விட்டார் அப்பா நடேசன். அவரை எதிர்த்துக்கொண்டு போய்ச் சேர ஸ்வாதிக்கு மனசு வராது. அதனால் இவரை எப்படியாவது ஜெயித்தாக வேண்டும்.

ஸ்ரீகாந்த் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வரலாறு படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவே?"

"டீச்சிங் கிடைக்கலாம். மியூசியத்துல கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம் அங்கிள். அதுக்கும் தயாராத்தான் இருக்கேன்."

"பாருங்க சார், அவ வாயாலயே சொல்றா!" என்றாள் சுலோசனா.

ஸ்ரீகாந்த் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "வீட்ல எல்லாரும் உன் சம்பளத்துக்குப் பழகிட்டாங்க. திடீர்னு நிறுத்தினா அவங்க கஷ்டப்பட மாட்டாங்களா? இது சுயநலம் இல்லையா?"

ஸ்வாதிக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டு எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

"கஷ்டம்தான் அங்கிள். சாயங்காலத்துல ஆன்லைன்ல கோடிங் சொல்லிக்குடுக்கப் பேசி வெச்சிருக்கேன். பழைய அளவுக்கு வராது. ஆனா பிடிக்காத வேலைக்குப் போயிட்டு வந்து தினம் தினம் இவங்க மேல எரிஞ்சு விழறேனே, அது மட்டும் இவங்களுக்குச் சுகமா?"

சுலோசனா துடைத்த டீப்பாயையே மறுபடியும் துடைத்தாள்.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு," என்றார் ஸ்ரீகாந்த்.

கேலி செய்கிறாரோ? செய்தால் செய்யட்டும். ஸ்வாதி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறையாமல் மறுபடி சொன்னாள்.

"க்ளாஸ்ல எல்லாரும் உன்னைவிடச் சின்னவங்களா இருப்பாங்க. கூச்சமா இருக்காது?"

"ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் அசைன்மென்ட் குடுத்துட்டா எல்லாரும் ஒரே வயசுதான்."

"சொந்தக்காரங்க சிரிப்பாங்களே?"

"கல்யாண வீட்ல பார்க்கும்போது சிரிப்பாங்க. சாப்பிட்டுட்டு அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க அங்கிள்."

ஸ்ரீகாந்த் முன்னால் சரிந்து உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "சரி, இதைச் சொல்லு. வேலையைப் பார்த்துக்கிட்டே லீவு நாள்ல வரலாற்றுப் புத்தகமா வாங்கிப் படிச்சா ஆகாதா? எதுக்கு க்ளாஸ்ல போய் உட்காரணும்?"

"அதையும் செஞ்சு பார்த்துட்டேன். ஆவடி க்வார்ட்டர்ஸ்ல நாங்க இருந்தப்போ பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர் வீடு தர்மபுரி, பின்னாடி வீடு தஞ்சாவூர். ஃபேக்டரி வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவங்க. எப்படி வந்தாங்க, வந்து எப்படி ஒரே ஊர்க்காரங்க ஆனாங்கன்னு எழுதணும். எழுத உட்கார்ந்தா, யார்கிட்ட என்ன கேக்கணும், எங்க தேடணும்னுகூடத் தெரியலை. புத்தகம் அதைச் சொல்லிக்குடுக்கலை. சொல்லிக்குடுக்கறவங்க முன்னாடி போய் உட்காரணும்."

ஸ்ரீகாந்த் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஏடு படிந்துவிட்டது. ஸ்வாதி அவர் முகத்தையே பார்த்தாள். போச்சு, வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார்.

"அங்கிள், நீங்க வேணாம்னா அப்பா விட மாட்டார். தெரியும். ஆனா அடுத்த வருஷமும் உங்களைக் கூப்பிட்டு இதே சோபாவுல உட்கார வெச்சு இதையேதான் கேப்பேன். அதுக்கடுத்த வருஷமும் கேப்பேன்."

ஸ்ரீகாந்த் எழுந்துவிட்டார்.

"அவ சேரட்டும்மா. நடேசன் சார்கிட்ட நானே பேசறேன்."

"என்ன சார் இது, உங்களை நம்பித்தானே கூப்பிட்டேன்!" சுலோசனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்வாதிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசல்வரை அவர் பின்னாலேயே ஓடினாள். "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்!"

செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்ரீகாந்த் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"தேங்க்ஸ் எல்லாம் இருக்கட்டும். இப்பவே மேல வந்து, எனக்குச் சொன்ன பதிலையெல்லாம் அப்படியே என் வைஃப்கிட்ட ஒரு தடவை சொல்லிடும்மா. அந்தக் கேள்வியெல்லாம் அவ என்கிட்ட கேட்டது; திங்கட்கிழமை நானும் உன் க்ளாஸ்லதான் சேரப் போறேன்."