கடலுக்கு அங்கால

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு காலி வீடு. ஜன்னல் வெயிலில் வினோலியா வாய் திறக்காமல் நிற்கிறாள். அவள் பேச்சிலிருந்து இலங்கை அகதி முகாம் என்று தெரிந்ததும் இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் இன்று பேச்செல்லாம் அவள் கணவன் ஜெரினுடையது. லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். "ஊடு நல்லாக் காத்தோட்டமா இருக்குதுங்க அக்கா" என்கிறான். வீட்டுக்காரி பூவாத்தாள் சிரிக்கிறாள். "ஏந் தம்பி, உன்ற ஊட்டுக்காரி வாயில கொழுக்கட்டையா?" "கூச்சங்க." பூவாத்தாள் குழாயைத் திறக்கிறாள். அது இருமிவிட்டு, துருநிறத்தில் கொட்டி, மெல்லத் தெளிகிறது. "ரெண்டு நேரமும் வரும். போதுமா சாமி?" வினோலியா நீருக்குள் கையை நீட்டுகிறாள். "ஓம், போதும் அக்கா." ஆமாம் என்பதற்கு அவளிடம் இருப்பது அந்தச் சொல்தான். ஜெரின் தரையைப் பார்க்கிறான். வெளியே ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம். பூவாத்தாள் குழாயை மூடுகிறாள். "நீ எந்த ஊரு?" "மன்னார்." "அது எங்கிருக்குது?" "கடலுக்கு அங்கால. சண்டையில வந்தனாங்கள்." பூவாத்தாள் அவளை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்புகிறாள். வீட்டுக்காரியின் முகத்தில் கோபம் இல்லை. விடை தெரியாத ஒன்றைப் பார்க்கும் பார்வை. "அப்பறம் நீ எதுக்குத் தம்பி எங்களாட்டம் பேசி நடிக்கறே?" ஜெரின் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். "நடிக்கலீங்க அக்கா. நானு இங்க அகதி முகாம்லயே பொறந்தவனுங்க. எனக்கு இதொண்ணுதானுங்க வரும்." பூவாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வினோலியாவின் ஈரக் கையில் வைக்கிறாள்.