குளவி அடைத்த ஐந்து வாசல்கள்

அப்பா எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்ததால், அண்ணன் தம்பி வழக்கில் ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது அந்த வீடு. அதன் உடைந்த ஜன்னலில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே குடியிருந்த பல்லிக்குக் குளவி மேல் ஒரு கண். ஆனால் பிடிக்கப் போகும்போதெல்லாம் வேடிக்கை பார்த்து நின்றுவிடும்.

அறைக்கு ஒரு முட்டை, அது பொரிந்ததும் தின்னப் புழுக்கள். வாசலை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறை.

"ஏன்க்கா, இந்த அறைக்கு மட்டும் நாலு புழு கூட?" என்று ஒருநாள் பல்லி கேட்டேவிட்டது.

"இது பொண்ணு. நாளைக்கு மண்ணு சுமந்து வீடு கட்டப்போறது அவதானே."

"வெளியே வந்து பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா?"

"எதுக்கு? அவங்கவங்க பங்கு அவங்கவங்க அறையிலேயே இருக்கு."

"அதைப் பார்க்க நீ இருப்பியா?"

"இருக்க மாட்டேன். அதுக்குத்தான் இவ்வளவும்."

பல்லிக்கு முட்டை போட்டோமா, போனோமா என்றிருந்த தன் பிழைப்பு நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது வாசலையும் அடைத்த குளவி, கிழிந்த சிறகோடு பல்லியின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"நீ எதுக்குக் காத்திருந்தேன்னு தெரியும். என் வேலை முடிஞ்சுது. இனி உன் இஷ்டம்."

பல்லி வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டது.

அப்போது தெருவாசலில் தம்பி வந்து, அண்ணன் போட்ட பூட்டுக்கு மேலே தன் பூட்டையும் போட்டான். பல்லி திரும்பவில்லை. உள்ளிருந்தே திறக்கப்போகும் அந்த ஐந்து வாசல்களையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.