தேடியது யார்?

"பிரவீணன், இதைப் பார். திரும்பவும் கால்!"

நிஷாந்தன் கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்திக் காட்டினான். தமிழ்ச் செய்தித் தளத்தின் நடுவில், செயற்கைக் கால் பூட்டிய ஒரு வெள்ளைக்காரர் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தார்.

"மழை வருமோ எண்டு பாத்தாலும் கால், கிரிக்கெட் ஸ்கோர் பாத்தாலும் கால். நாலு நாளா இதே கரைச்சல். சண்டையில காணாமல்போன ஆக்களைப் பற்றி வவுனியா முகாமில இருந்து புதுச் செய்தி ஏதும் வந்திருக்கோ எண்டு பாப்பமெண்டால், எழுத்தையே மறைச்சுக்கொண்டு நிக்குது. வைரஸ்தானே?"

கீழ் ஃபிளாட்டில் இருக்கும் பிரவீணனுக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"வைரஸ் இல்லை அண்ணை. நாங்கள் என்னத்தைத் தேடுறமெண்டு பாத்துத்தான் இப்ப விளம்பரம் போடுறாங்கள். இதில ஆரோ செயற்கைக் காலைப் பற்றி நல்லாத் தேடியிருக்கினம்."

"இந்த வீட்டில நானும் மனிசியும்தான். நாலு காலும் நல்லாத்தான் இருக்கு. தேடின பக்கம் எல்லாத்தையும் அழிச்சு விடு!"

"ஐயோ, அழிக்காதேங்கோ! அந்தப் பக்கங்கள் எனக்கு வேணும்."

குசினியில் இருந்து மனைவி யசோதினி ஓடி வந்தாள். இரண்டு கையிலும் புட்டுமா.

"நீரே தேடினது?"

அவள் மாக் கையை உடுப்பில் துடைத்தாள். பிரவீணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் பிறகு வாறன் அண்ணை" என்று மெல்ல நழுவினான்.

நிஷாந்தனின் கோபம் போய்ப் பயம் பிடித்தது. அவளுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, காலில் சின்னப் புண் வந்தாலும் உடனே வரவேண்டும் என்று போன மாதம்தான் டாக்டர் எச்சரித்திருந்தார்.

"இதில இரும்."

அவளைக் கதிரையில் இருத்தினான். தரையில் முழங்காலிட்டு அவளுடைய காலுறைகளைக் கழற்றினான். பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க புண்? எந்தக் கால்? எத்தினை நாளா எனக்கு ஒளிச்சனீர்?"

"எனக்கு ஒண்டும் இல்லையப்பா."

"அப்ப ஆருக்கு?"

யசோதினிக்குக் கண் நிறைந்து வழிந்தது. ஆனால் முகம் சிரித்தது.

"ஜூன் மாதம் முகாமில கண்டதெண்டு ஆரோ சொன்ன பிழையான செய்தியை நம்பி நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதாலதான் போன கிழமை வந்த தகவலை நிச்சயமாகத் தெரியும்வரைக்கும் சொல்லேல்லை. காலமை நீங்கள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் வவுனியா ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தது. 'அண்ணி' எண்டு கூப்பிட்ட குரலைக் கேட்டாப் பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வலது கால் போயிட்டுதாம். ஆனா உங்கட தம்பி உயிரோட இருக்கிறார்."