அடைக்கலமேரியின் வயிற்றுவலி

தவக்கால வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்குக் கிளம்பி நின்ற மரியப்பனிடம், "வயிறு வலிக்குதுங்க" என்று சொல்லி மனைவி அடைக்கலமேரி சுருண்டு படுத்தாள்.

"எங்குட்டு? வலது பக்கம் கீழயா?"

"ஆமா."

"நடந்தா குத்துதா? வாந்தி வருதா? காய்ச்சல்?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இம்புட்டையும் வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தியா? கூறுகெட்டவளே, எந்திரி!"

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர், "படுங்கம்மா" என்றார்.

அடைக்கலமேரி கணவனின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"வலி எனக்கில்ல, டாக்டர். வீட்ல இவுக என்கிட்ட கேட்டதெல்லாம் இவுகளுக்குத்தான் இருக்கு. நேத்துலருந்து நெளியுறாக. கேட்டா, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிற வயிறு அப்பிடித்தான்கிறாக. தனக்குன்னா வரமாட்டாக, எனக்குன்னா ஓடி வருவாக."

டாக்டர் வயிற்றை அழுத்தியதும் மரியப்பன் அலறிவிட்டான்.

"குடல்வால் வீக்கம் மாதிரி தெரியுது. ஸ்கேன் பாத்துட்டு இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிரலாம். நாளைக்குன்னு விட்டிருந்தா ஆபத்தாகியிருக்கும்" என்றார் டாக்டர்.

மரியப்பன் மனைவியைப் பார்த்தான். "தவக்காலத்துல பொய் சொல்லிட்டியேடி!"

"அதை நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். நீங்க ஒழுங்காப் படுங்க."