நூல் சுற்றிய கை

ஸ்பே ஆற்றங்கரையில், சால்மன் மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் வண்ண இறகுகளை நூலால் சுற்றிப் போலிப் பூச்சி கட்டுவதில் ஃபின்லேவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மனைவி இஷ்பெல்லின் தொப்பியில் அன்று செருகியிருந்த பூச்சி அவன் கட்டியதல்ல. அதைவிட அழகு. அவனுக்கு வயிறு எரிந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

"இடது கைக்காரன் கட்டினது! ஊர்ல இடது கையால பூச்சி கட்டுறவன் அந்த முர்டோ பய ஒருத்தன்தானே, அவனா குடுத்தான்?"

"எப்படி இருக்கு? முதல்ல அதச் சொல்லுய்யா."

"எனக்கே இப்படி வராது, பாழாப்போனவன்! உனக்கும் அவனுக்கும் என்னடி பழக்கம்?"

இஷ்பெல் அவன் கோப்பையில் தேநீர் ஊற்றினாள்.

"நூலப் பாத்தே கையச் சொல்ற ஆளு நீ. இத்தன வருஷமா உனக்கு நான் எந்தக் கையால டீ ஊத்துறேன்?"

ஃபின்லே அப்போதுதான் பார்த்தான். கெண்டி அவளுடைய இடது கையில் இருந்தது.